காலடியால் அளந்த குசினிகள்

எந்த வீட்டுக்குள் போனாலும் நான் முதலில் அதன் குசினியை அளந்துவிடுவேன். அளவு நாடா வேண்டாம். ஒரு காலின் பெருவிரலோடு மற்றக் காலின் குதியை ஒட்டி வைத்து, ஒரு சுவரிலிருந்து மறு சுவருக்கு நடந்தால் போதும். பார்க்கிறவர்களுக்கு, கீழே விழுந்த எதையோ நான் தேடுகிறேன் என்று தோன்றும். என் பாதம் சரியாக ஒன்பது அங்குலம்.

இந்தப் பழக்கம் எனக்குக் குவைத்தில் வந்தது. ஆனால் எந்த அளவையும் ஒப்பிட ஒரு முதல் அளவு வேண்டுமல்லவா? அது வட்டவளைக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில், நான் பிறந்து வளர்ந்த லயத்து வீடு.

எட்டு வீடுகளை ஒட்டிக் கட்டிய லயம். ஒவ்வொரு வீடும் ஒரே அறை. பதினாறு பாதம் நீளம், பதின்மூன்று பாதம் அகலம். முன்னால் தகரக் கூரை இறங்குகிற இடத்தில் ஒடுக்கமான ஒரு தாழ்வாரம், இஸ்தோப்பு என்போம். ஒரு காலத்தில் திறந்து கிடந்த அந்த இஸ்தோப்பைப் பலகையாலும் பழைய தகரத்தாலும் அடைத்து, அதற்குள் அடுப்பு வைத்திருந்தோம். அதனால் வீட்டுக்குள் வருகிற எவரும் அடுப்பைத் தாண்டித்தான் வரவேண்டும். புகை வெளியே போவதற்கும் அதே வாசல்தான். மழைக்கு வாசலைச் சாத்தினால் புகை திரும்பி அறைக்குள் வந்துவிடும். வட்டவளைப் பக்கம் மழையில்லாத நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

அந்த அறையில் அப்பா, அம்மா, நான், தம்பி, கலியாணம் ஆகாத சித்தப்பா என்று ஐந்து பேர் இருந்தோம். சுவர், கூரை, சாமிப் படங்கள், தொங்கவிட்ட பள்ளிக்கூட உடுப்பு எல்லாவற்றிலும் புகை ஏறியிருந்தது. கவ்வாத்து வெட்டிய மலையில் பொறுக்கி வரும் தேயிலைக் குச்சிதான் விறகு. மிலாறு என்று சொல்வோம். ஈர மிலாறு எரியாது, புகைந்துகொண்டே கிடக்கும். அம்மா குனிந்து ஊதுகுழலால் ஊதுவாள். ஊதிவிட்டு நிமிர்ந்து, கண்ணைத் துடைத்து, இருமிவிட்டு மறுபடி குனிவாள். நான் ஹட்டனில் பெரிய வகுப்புப் படிக்கப் போனபோது, டவுனிலிருந்து வரும் பிள்ளைகள் என் பக்கத்தில் உட்காரத் தயங்கினார்கள். ஒருத்தி மட்டும் நல்ல மனதோடு சொன்னாள். "ஒன் உடுப்புல பொகை வாசம் அடிக்குதுடி. வெயில்ல காயப் போடு." எங்கள் தோட்டத்தில் ஏது வெயில்?

அப்பா தவறிப்போன பிறகு படிப்பு நின்றது. எனக்குப் பேசிய கலியாணம் தள்ளிப்போய், பிறகு அந்தப் பேச்சே இல்லாமல் போனது. இருபத்தாறு வயதில் வீட்டு வேலைக்குக் குவைத்துக்குப் புறப்பட்டேன். அம்மா ஹட்டன் பஸ் நிலையம்வரை வந்தாள். பஸ் நகரும்போது அவள் சொன்னது ஒன்றுதான். "போற எடத்துல சோத்த ஒழுங்கா தின்னு."

குவைத்தில் எஜமானி அம்மாவை மேடம் என்று கூப்பிட வேண்டும். முதல் நாள் அவர் வீட்டைச் சுற்றிக் காட்டினார். இரண்டு மாடி. கீழே ஒரு குசினி. வெள்ளைச் சலவைக்கல், கண்ணாடிக் கதவு போட்ட அலுமாரிகள், நடுவில் மேசை மாதிரி ஒரு கல் மேடை, அதைச் சுற்றி உயரமான கதிரைகள். இதில் சமைக்கப் போகிறோமா என்று நான் மலைத்துப்போய் நின்றேன். மேடம் சிரித்துவிட்டு, பின் கதவைத் திறந்து, வெளிமுற்றத்தை ஒட்டிய இன்னொரு குசினியைக் காட்டினார். சமையல் அங்கேதான். முன்னால் இருப்பது விருந்தாளிகள் பார்ப்பதற்கு. அதில் காப்பி மட்டும் போடலாம். நான் அதைத் துடைக்கலாம், அதில் உட்காரக்கூடாது.

சமையல் குசினிக்குப் பின்னால் துணி துவைக்கும் மிஷின் வைத்த ஓர் அறை. மிஷினுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு மெத்தை கிடந்தது. அது என் இடம்.

முதல் வெள்ளிக்கிழமை தம்பியின் போனுக்கு எடுத்து அம்மாவோடு பேசினேன். குசினியைப் பற்றித்தான் கேட்டாள். அடுப்பைப் பற்றி, பாத்திரங்களைப் பற்றி, தண்ணீர் எப்படி வருகிறது என்பதைப் பற்றி. இரண்டு குசினியிலும் அடுப்புக்கு மேலே கூரையிலிருந்து பெரிய இரும்புப் பெட்டி மாதிரி ஒன்று தொங்குகிறது என்றேன்.

"அது எதுக்கு?"

"பொகைய இழுத்து வெளிய தள்ளுறதுக்கும்மா."

"காஸ் அடுப்புன்னு சொன்ன? காஸ்ல ஏது பொகை?"

"எண்ணெய்ப் பொகை வருமில்ல. அதுக்கு."

அம்மாவுக்கு அது போதவில்லை. மறுபடி கேட்டாள். "இழுத்தா, எங்கிட்டு போவும்?"

"சுவத்துக்குள்ளயே குழாய் இருக்கு. மொட்டை மாடிக்குப் போயிரும்."

"சுவத்துக்குள்ளயா?" என்றாள். அதற்கு மேல் பேசமுடியாமல் இருமல் வந்துவிட்டது. தம்பி போனை வாங்கி, "மழை, அதான்" என்றான்.

இரண்டாவது வருடம் மேடத்தின் குடும்பம் பக்கத்து நாட்டில் ஒரு கலியாணத்துக்குப் போனது. ஆறு நாள். என்னை உள்ளே விட்டு வெளிக்கதவைப் பூட்டிக்கொண்டு போனார்கள். கோபத்தில் அல்ல, சமையல்காரி ஓடிவிட்டால் யார் பொறுப்பு என்று பயம். குளிர்ப்பெட்டி நிறையச் சாப்பாடு இருந்தது. எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று சொல்லாமல் போய்விட்டார்கள். நான் பேசும் போனையும் கையோடு கொண்டுபோயிருந்தார்கள். முதல் நாள் அழுதேன். இரண்டாம் நாள் ஜன்னல்களை எல்லாம் துடைத்தேன். மூன்றாம் நாள் துடைக்க ஒன்றும் இல்லை.

அன்றுதான் அளக்கத் தொடங்கினேன். விருந்தாளிக் குசினி நாற்பது பாதம், இருபத்து நான்கு பாதம். சமையல் குசினி இருபது, பதினான்கு. எங்கள் வீட்டைவிடப் பெரிது. என் அறை ஒன்பது, ஏழு. மேலே நாலு படுக்கையறை, ஒவ்வொன்றிலும் குளியலறை. சாப்பாட்டு அறை, ஆம்பிளைகள் உட்காரும் அறை, பொம்பிளைகள் உட்காரும் அறை. எங்கள் லயத்து எட்டு வீட்டையும் இஸ்தோப்போடு தூக்கி வைத்தால் கீழ்த் தளத்திலேயே அடங்கிவிடும். ஆறாம் வீட்டுக்காரர்களை எந்த மூலையில் வைக்கலாம், எங்களை எங்கே வைக்கலாம் என்றெல்லாம் யோசித்தேன். அம்மாவை மட்டும் அந்தச் சலவைக்கல் குசினியில், இரும்புப் பெட்டியின் கீழே நிறுத்தினேன். இந்த வீட்டில் ஐந்து பேர். எங்கள் வீட்டிலும் அப்பா இருந்தவரை ஐந்து பேர். ஆறாம் நாள் மாலை அவர்கள் திரும்பி வந்தபோது, நான் பிஸ்கட்டும் தண்ணீரும் தவிர எதையும் தொடாமல் இருந்ததைக் கண்டு மேடம் திகைத்தார். "ஏன் சாப்பிடவில்லை? நாங்கள் என்ன பேய்களா?" என்று சத்தம் போட்டார். கடைசியில் அவர் கண் கலங்கியது. ஆனாலும் அடுத்த பயணத்துக்கும் பூட்டிவிட்டுத்தான் போனார்.

ஒப்பந்தம் முடிந்து ஊருக்கு வந்தபோது தம்பிக்குக் கலியாணம் ஆகியிருந்தது, அம்மா மெலிந்திருந்தாள். மலையில் ஏறி இறங்கிக் கொழுந்து எடுத்துக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் அடுப்பின் முன்னால் குந்தினால் கால் மணி நேரம் தாங்கமாட்டாள். வாசலுக்கு ஓடிவந்து, நிலையைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்குவாள். நான் ஒரு காஸ் அடுப்பு வாங்கி வந்தேன். அதைத் துணியால் மூடி வைத்தாள். ரொட்டி சுட மிலாறுதான் சரி என்றாள். காஸ் முடிந்தால் சிலிண்டரை யார் டவுனுக்குத் தூக்கிப்போவது என்றும் கேட்டாள். அதில் நியாயம் இருந்தது. எங்கள் லயத்திலிருந்து ரோட்டுக்கு முந்நூறு படி.

"சரி, மிலாறே எரி. ஆனா பொகை போற மாதிரி ஒரு குசினி கட்டித் தரேன்" என்றேன்.

லயத்துக்குப் பின்னால், எங்கள் வீட்டுக்கு நேரே, மழைநீர் ஓடும் கானுக்கும் மண் திட்டுக்கும் நடுவில் ஒரு துண்டு இடம் இருந்தது. பன்னிரண்டு பாதத்துக்குப் பத்துப் பாதம். தம்பியும் நானும் பழைய கலண்டர் தாளின் பின்பக்கத்தில் படம் போட்டோம். ஒரு மூலையில் இடுப்பளவு உயரத்தில் அடுப்புத் திட்டு, குனியவே வேண்டாம். அதற்கு மேலே செங்கல் புகைபோக்கி, கூரைக்கு மேல் மூன்று அடி. எதிர்ச் சுவரில் ஜன்னல். அம்மா படத்தை வாங்கிப் பார்த்தாள். ஜன்னலைக் காட்டி, "இதுல இருந்து பாத்தா கோயில் தெரியுமா?" என்று கேட்டாள். "தெரியும்" என்றான் தம்பி. அம்மா அந்தப் படத்தைத் தன் பெட்டியில் சேலைக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

அத்திவாரம் வெட்டின இரண்டாம் நாளே கண்டாக்கு வந்தார். மலை வேலைகளை மேற்பார்வை பார்க்கிற உத்தியோகத்தர் அவர். கெட்ட மனிதர் அல்ல. "ஆபீஸ்ல ஒரு கடுதாசி எடுத்துக்கங்கம்மா. நான் பாக்கலன்னு வச்சுக்கறேன், ஆனா ரொம்ப நாளைக்கு முடியாது" என்றார்.

அம்மாவும் நானும் ஆபீசுக்குப் போனோம். தொரை, அதாவது தோட்டத்து மேனேஜர், இளவயதுக்காரர். எங்களை உட்காரச் சொல்லவில்லை, ஆனால் மரியாதையாகப் பேசினார். பாதி சிங்களத்திலும் பாதி தமிழிலும்.

"லயம் தோட்டத்துக்குச் சொந்தம். நிலமும் தோட்டத்துக்குச் சொந்தம். நீங்க ஒரு குசினி கட்டினா, நாளைக்கு ஏழு வீட்டுக்காரங்களும் வருவாங்க."

அம்மா சொன்னாள். "அவங்களும் கட்டிக்கட்டுமே தொரை. எல்லாருக்கும் பொகைதானுங்களே."

அவர் சிரிக்கவில்லை. மேசையில் எதையோ நகர்த்தி வைத்தார். "எனக்கு மேல ஆள் இருக்காங்க. என்னால எழுதித் தர முடியாது" என்றார். வெளியே வந்து படி இறங்கும்போது திரும்பிப் பார்த்தேன். ஆபீசுக்கு மேலே மேட்டில் தொரையின் பங்களா. வெள்ளைக்காரன் கட்டியது. கூரையில் நாலு புகைபோக்கிகள் நின்றன. அவற்றில் ஒன்றில்கூடப் புகை இல்லை. இப்போது அங்கே எல்லாம் மின்சார அடுப்பு.

நாங்கள் கட்டினோம். எழுதித் தரமுடியாது என்றாரே தவிர, கட்டாதே என்று சொல்லவில்லையே என்று தம்பி வாதாடினான். சிமெந்துக் கல்லைப் படிக்கு மேல் படியாகச் சுமந்தோம். பக்கத்து வீட்டுக்காரர்களும் ஆளுக்கு நாலு கல் தூக்கினார்கள். சுவர் நெஞ்சளவு வந்தது. அடுப்புத் திட்டு முடிந்தது. அம்மா வேலை முடிந்து வந்ததும் அந்தத் திட்டின் முன்னால் நின்று, பானை கிளறுவது மாதிரி கையை ஆட்டிப் பார்த்தாள். எனக்கும் தம்பிக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

ஒரு புதன்கிழமை காலை, ஆட்கள் எல்லாம் மலைக்குப் போயிருந்த நேரம், தோட்டத்துக் காவல்காரர்கள் ஆறு பேர் அலவாங்கு என்கிற கடப்பாரையோடு வந்தார்கள். அவர்களில் ஒருவர் எங்களுக்கு அடுத்த லயத்துக்காரர். என் முகத்தைப் பார்க்காமல் வேலையைப் பார்த்தார். நான் நடுவில் போய் நின்றேன். "தங்கச்சி, தள்ளிக்க. கல்லு விழுந்துரும்" என்றார். தள்ளிக்கொண்டேன். அதை இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன். கல் மேலே விழுந்தாலும் பரவாயில்லை என்று நின்றிருக்கலாம். நிற்கவில்லை.

மத்தியானச் சாப்பாட்டுக்கு அம்மா வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. தலைக்கயிற்றைக் கழற்றிக் கூடையை இறக்கி வைத்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு உடையாத கற்களைத் தனியாகப் பொறுக்கி அடுக்கத் தொடங்கினாள். "தண்ணி பீப்பாக்கு அடியில வைக்கலாம்" என்றாள். அதற்குப் பிறகு இஸ்தோப்புக்குள் போய், குந்தி உட்கார்ந்து அடுப்பை மூட்டினாள். பின்னேரம் மறுபடி மலைக்குப் போகவேண்டும்.

அடுத்த வருடம் நான் சைப்பிரஸ் போனேன். நடக்கமுடியாத ஒரு மூதாட்டியைப் பார்த்துக்கொள்ளும் வேலை. மகள் லண்டனில். அடுக்குமாடியில் மூன்றாம் மாடி, இரண்டு படுக்கையறை. குவைத்தின் வீட்டுக்கு முன்னால் அது ஒரு தீப்பெட்டி. குசினி பதினொரு பாதம், எட்டுப் பாதம். இரண்டு பேர் நின்றால் ஒருவர் வெளியே வந்துதான் மற்றவர் திரும்பலாம். ஜன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டடத்தின் சுவர். ஆனால் அந்த வீட்டில் எனக்குக் கதவு போட்ட ஓர் அறை இருந்தது. ஜன்னலும் இருந்தது.

மூதாட்டி என்னைக் 'கோரி' என்று கூப்பிடுவார். அவர்கள் மொழியில் பெண்ணே, மகளே என்று அர்த்தம். அவர் சமையலில் பெரிய கை. ஆனால் ஐந்து வருடமாகத் தன் குசினிக்குள் போனதில்லை. சக்கர நாற்காலி அந்தக் கதவுக்குள் நுழையாது. வாசலில் நாற்காலியை நிறுத்திக்கொண்டு, உப்புப் போடு, தீயைக் குறை, அது அல்ல அந்தக் கரண்டி என்று கத்துவார். ஒருநாள், "கதவைக் கழற்று" என்றார். திருகாணி முடுக்கி தேடி எடுத்துக் கதவைப் பிணைச்சலோடு கழற்றி ஹாலில் சாய்த்து வைத்தேன். நாற்காலியைத் தள்ளினேன். நிலையில் இடித்தது. இரண்டு விரல் அகலம் போதவில்லை. பக்கவாட்டில் திருப்பிப் பார்த்தேன், பின்னாலிருந்து இழுத்துப் பார்த்தேன். மூதாட்டி நிலைக்கட்டையைக் கையால் அடித்தார். "இந்தக் கட்டடத்தை என் புருஷன்தான் கட்டினான். நான் அப்போது ஒல்லி. நடந்து போய் வந்துகொண்டிருந்தேன். யார் இதை நினைத்தார்கள்?" என்றார்.

நான் சின்ன காஸ் அடுப்பு ஒன்றை ஹாலுக்குக் கொண்டுவந்து, தாழ்வான மேசையில் வைத்தேன். அன்று அவர் தன் கையாலே அவரை விதையைத் தக்காளியோடு வேகவைத்தார். இரண்டு மணி நேரம். என்னைத் தொடவிடவில்லை. ஹால் முழுக்க எண்ணெய் தெறித்தது. நான் துடைத்துக்கொண்டே இருந்தேன், எனக்கு அலுக்கவில்லை.

சமைத்துக்கொண்டே அவர் பிறந்த மலைக் கிராமத்தைப் பற்றிச் சொன்னார். ஒரே அறை வீடு. ஒரு பக்கம் கழுதை, மறு பக்கம் ஏழு பிள்ளைகள். எங்கள் வீடும் ஒரே அறைதான், அடுப்பும் உள்ளேயே என்று நான் சொன்னேன். புகைபோக்கி இல்லை என்றதும் கரண்டியை நிறுத்தினார்.

"இல்லையா? எங்கள் வீட்டில் கதவுகூட ஒழுங்காக இல்லை. ஆனால் புகைபோக்கி இருந்தது. புகைபோக்கி இல்லாமல் யார் அடுப்பு கட்டுவார்கள்?"

"அடுப்புக்கென்று கட்டவில்லை. படுக்க மட்டும்தான் கட்டினார்கள். அடுப்பை நாங்கள் வைத்துக்கொண்டோம்."

"யார் கட்டியது?"

"இங்கிலீஸ்காரர்கள்."

"எங்களையும் அவர்கள்தான் ஆண்டார்கள்" என்றார். அவர்கள் மொழியில் ஏதோ ஒரு வார்த்தை சொல்லித் துப்புவது போலச் செய்தார். பிறகு, "இப்போது அவர்கள் இல்லையே. இப்போது யார் கட்டவிடாமல் தடுக்கிறார்கள்?" என்று கேட்டார். எங்களுக்குள் அரைகுறை இங்கிலீஸ்தான்; நான் தரையில் தெறித்த எண்ணெயைத் துடைக்கக் குனிந்தேன். 

அந்த வருடம்தான் எங்கள் நாட்டில் காஸ் இல்லாமல் போனது. டவுன்காரர்களே விறகு தேடினார்கள் என்று தம்பி சொன்னான். நான் கெஞ்சிக் கெஞ்சி, அம்மா காஸ் அடுப்பைத் தொட்டுப் பழகியிருந்தாள். காலையில் தேத்தண்ணி மட்டுமாவது அதில் வைப்பாள். இப்போது வெறும் சிலிண்டர் மூலையில் நின்றது, அதன் மேல் அவள் உப்புச் சாடியை வைத்திருந்தாள். மறுபடி முழுக்க முழுக்க மிலாறு. இருமலோடு சளியில் இரத்தம் வந்தது. தம்பி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். சிங்கள டாக்டர் நெஞ்சு எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, எத்தனை வருடமாகச் சுருட்டுக் குடிக்கிறீர்கள் என்று கேட்டாராம். தம்பி தமிழில் திருப்பிச் சொன்னதும் அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"நான் ஏன் சுருட்டு குடிக்கிறேன்? அடுப்பு ஊதுனேன்னு சொல்லு. பத்து வயசுல இருந்து ஊதுறேன்னு சொல்லு."

தம்பி சொன்னான். டாக்டர் அதையும் எழுதிக்கொண்டாராம். புகை படக்கூடாது, குசினிப் பக்கம் போகவிடாதீர்கள் என்று சொல்லி அனுப்பினார். ஒரே அறை வீட்டில் குசினிப் பக்கம் எது, குசினி இல்லாத பக்கம் எது என்று தம்பி என்னிடம் போனில் கேட்டான். நான் ஹாலில் மூதாட்டியின் காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தேன். "லீவு கேக்குறேன், வந்துர்றேன்" என்றேன்.

கேட்டேன். மூதாட்டியின் மகள், மாற்றாள் கிடைக்கும்வரை ஒரு மாதம் பொறுக்கச் சொன்னாள். மூன்றாவது வாரம் அம்மா போய்விட்டாள்.

தம்பி போனில் படமாகக் காட்டினான். சவப்பெட்டியை வீட்டுக்குள் கொண்டுபோக முடியவில்லை. இஸ்தோப்புக்குள் நுழைத்து அறைக்குத் திருப்ப இடமில்லை; அடுப்பு குறுக்கே நின்றது. அடுப்பை உடைத்துவிடலாமா என்று யாரோ கேட்டார்கள். வேண்டாம், நாளைக்கு எதில் சமைப்பது என்றாள் தம்பி மனைவி. கடைசியில் வெளியே, கானுக்குப் பக்கத்தில் நீலப் பிளாஸ்டிக் படங்கு கட்டி, அதன் கீழே வைத்தார்கள். மழை பெய்துகொண்டே இருந்தது. படங்கில் தண்ணீர் தேங்கித் தொங்கும்போதெல்லாம் யாரோ ஒருவர் கம்பால் தள்ளிவிட்டார். மூதாட்டி என் பக்கத்தில் நாற்காலியை ஒட்டி வைத்துக்கொண்டு, என் கையைப் பிடித்தபடி கடைசிவரை பார்த்தார். பெட்டியை எடுக்கும்போது அவர் சிலுவை போட்டுக்கொண்டார்.

நான் ஊருக்கு வந்து ஒரு வருடத்தில் எங்கள் லயத்துக்குத் தனி வீடுகள் வந்தன. லயத்துக்கு மேலே, தேயிலை பிடிக்காமல் கைவிட்ட சரிவில், வீட்டுக்கு ஏழு பேர்ச் அளவு காணி. இரண்டு படுக்கையறை, ஹால், கக்கூஸ், குசினி. திறப்பு விழாவில் மேடை போட்டு மாலை போட்டார்கள். தம்பி சாவியை என்னிடம்தான் கொடுத்தான். நான் நேரே குசினிக்குப் போய் அளந்தேன். ஒன்பது பாதம், எட்டுப் பாதம். சீமெந்துத் தட்டு, குழாய், ஒரு சின்ன ஜன்னல். கூரையை அண்ணாந்து பார்த்தேன். ஓட்டையே இல்லை, வழவழப்பான சீலிங் அடித்திருந்தார்கள்.

"பொகைக்கு?" என்று கேட்டேன். கூட வந்திருந்த இளம் இஞ்சினியர் என் தம்பியைப் பார்த்தார்.

"இது காஸ் குசினி அக்கா. புது வீட்ல போய் வெறகு எரிப்பீங்களா?" என்றார்.

எல்லாரும் எரித்தார்கள். எரிக்காமல் என்ன செய்வது? ஒரே மாதத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் பின்னால் ஒரு தகரக் கொட்டில் முளைத்தது. உள்ளே மூன்று கல், ஒரு கட்டு மிலாறு. நான் தம்பியோடு சண்டை போட்டுக் கொட்டிலின் ஒரு பக்கத்தைத் திறந்தே வைக்கச் செய்தேன். ஆனால் சாரல் அடிக்கும் நாளில் தம்பி மனைவி அந்தப் பக்கத்தில் ஒரு சாக்கைக் கட்டித் தொங்கவிடுவாள். அவளைக் குறை சொல்ல முடியாது. நனைந்துகொண்டே சோறு வடிக்க அவளுக்கும் முடியாது. வீட்டுக்குள் இருக்கும் குசினியை யாரும் பாவிப்பதில்லை. ஒரு அறையில் தம்பியும் மனைவியும், மற்றதில் வளர்ந்துவரும் அவர்களுடைய இரண்டு மகள்களும். அதனால் குசினியில் நான் பாய் போட்டுக்கொண்டேன். சீமெந்துத் தட்டுப் போக மிச்ச இடத்தில் குறுக்கே படுத்தால் கால் சுவரில் இடிக்கும், மூலைக்கு மூலை படுத்தால் சரியாக இருக்கும்.

போன பெருமழையில் மேலே மண் இறங்கியது. எங்கள் வீடுவரை வரவில்லை. ஆனால் குசினிச் சுவரில், தரையிலிருந்து ஜன்னல்வரை, ஒரு வெடிப்பு. உத்தியோகத்தர்கள் வந்து பார்த்தார்கள், ஒரு தாளில் எதையோ குறித்தார்கள். "மெத்தன இன்ன எப்பா" என்று எல்லாரையும் எழும்பச் சொன்னார்கள். இங்கே இருக்கவேண்டாம் என்பது எங்களுக்குச் சிங்களம் தெரியாமலும் விளங்கியிருக்கும். பள்ளிக்கூட மண்டபத்தில் பத்தொன்பது குடும்பம் பதினெட்டு நாள் இருந்தோம். வகுப்பறைக்குப் பின்னால் பெரிய கிடாரம் வைத்துப் பொதுவில் சமைத்தோம். நான்தான் சோறு வடித்தேன். கூட நின்ற பெண்கள், குவைத்தில் எப்படி, சைப்பிரசில் எப்படி என்று கேட்டார்கள். சொன்னேன். ஒருத்தி, "அவ்வளவு பெரிய குசினிய வச்சிக்கிட்டு சமைக்கமாட்டாங்களா?" என்று கேட்டுவிட்டு வெகுநேரம் சிரித்தாள். அந்தச் சிரிப்பு மற்றவர்களுக்கும் தொற்றிக்கொண்டது.

பத்தொன்பதாம் நாள் பள்ளிக்கூடம் தொடங்க வேண்டும் என்றார்கள். வேறு இடம் பார்த்துத் தருவதாகவும், அதுவரை மழை பலமாக இருந்தால் மட்டும் எழும்பி வரும்படியும் சொன்னார்கள். பழைய லயத்தில் எங்கள் வீடுகளின் கூரைகளைக் கழற்றியிருந்தார்கள். எல்லாரும் சரிவுக்கே திரும்பினோம். தம்பி வெடிப்புக்குள் சீமெந்தைக் குழைத்துத் திணித்து, மேலே பூசிவிட்டான். பூசின இடம் இன்னும் ஈரமாகவே இருக்கிறது, காயவில்லை. மழை வந்தால் தம்பியின் மூத்த மகள் எழுந்து வந்து என்னை ஹாலில் வந்து படுக்கச் சொல்கிறாள். நான் போகிறேன்.